கடலூர் வெயிலில் சாக்லேட் முந்திரி பை: மாவு பிசறுவதிலிருந்து துண்டு போடுவது வரை

"பை செய்யப் போறேன் அத்தை, முந்திரி வேணும்" என்று போனில் சொன்னேன். பண்ருட்டிப் பக்கம் இருக்கிற அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "மஞ்சப்பை கடையிலயே கெடைக்குதேம்மா, அதுக்கு எதுக்கு முந்திரி?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். மைதாவும் வெண்ணெயும் சேர்த்து ஓடு போல ஒரு கிண்ணம் செய்து, அதற்குள் இனிப்புக் கலவையை ஊற்றி, கிண்ணத்தோடு சேர்த்துச் சுட்டு எடுப்பதுதான் இந்தப் பை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பீக்கன் என்கிற பருப்பையும் சோளப் பாகையும் முட்டையையும் வைத்துச் செய்வார்கள். அதில் சாக்லேட்டும் சேர்ப்பது இன்னொரு வகை. பாண்டிச்சேரி பேக்கரிகளில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் 'தார்த்' இதற்குப் பிரெஞ்சு ஒன்றுவிட்ட அக்கா. தார்த்தின் ஓரம் செங்குத்தாக, உயரம் குறைவாக இருக்கும், அச்சிலிருந்து கழற்றித்தான் பரிமாறுவார்கள். பையின் தட்டு சாய்வான ஓரம் கொண்டது. சுட்ட தட்டிலேயே வெட்டிக் கொடுத்துவிடலாம். வீட்டில் முதல் தடவை செய்பவர்களுக்குப் பைதான் சுலபம்.

பீக்கன் தேடி அலைய வேண்டாம். முந்திரிக் காட்டுக்கு நடுவில் இருந்துகொண்டு வெளிநாட்டுப் பருப்புக்குக் காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சோளப் பாகுக்குப் பதில் வெல்லப் பாகு. மற்றபடி செய்முறை அதேதான். நம்மூரில் உண்மையான சிக்கல் வெயில்தான். இந்த வழிகாட்டியில் பாதி, வெண்ணெயை உருகாமல் காப்பாற்றுவது பற்றித்தான் இருக்கும்.

தேவையானவை

23 சென்டிமீட்டர் அகலம், மூன்றரை சென்டிமீட்டர் ஆழமுள்ள ஒரு தட்டுக்கான அளவு இது. எட்டிலிருந்து பத்துத் துண்டு வரும்.

ஓட்டுக்கு: மைதா 180 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 110 கிராம், சர்க்கரை 1 மேசைக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி, ஐஸ் தண்ணீர் 3 அல்லது 4 மேசைக்கரண்டி.

உள்ளே ஊற்றுவதற்கு: உடைத்த முந்திரி 175 கிராம், டார்க் சாக்லேட் 100 கிராம், வெண்ணெய் 60 கிராம், வெல்லம் 180 கிராம், சர்க்கரை 50 கிராம், முட்டை 3, முந்திரிப் பொடி 2 மேசைக்கரண்டி, கெட்டி டிகாக்‌ஷன் 1 மேசைக்கரண்டி, வெனிலா எசன்ஸ் 1 தேக்கரண்டி, உப்பு கால் தேக்கரண்டி.

ஒரு சமையலறைத் தராசு வாங்கிவிடுங்கள். கப்பில் மைதாவை அமுக்கி எடுத்தால் ஓர் எடை, தளர எடுத்தால் ஓர் எடை. குழம்பில் இது தெரியாது, ஓட்டில் தெரியும்.

முந்திரி

முழுப் பருப்பு வாங்காதீர்கள். கடையில் 'டபிள்யூ 320' என்று எழுதியிருந்தால் ஒரு பவுண்டு, அதாவது 454 கிராம் எடையில் 320 பருப்பு வரை நிற்கும் என்று பொருள். எண் குறையக் குறையப் பருப்பு பெரிது, விலையும் பெரிது. அவ்வளவு விலை கொடுத்து முழுசாக வாங்கி வீட்டில் கத்தியால் நறுக்குவதில் ஒரு புண்ணியமும் இல்லை. பாதிப் பருப்பும் பெரிய துண்டும் இதற்குப் போதும். ரவை மாதிரிப் பொடிந்தது மட்டும் வேண்டாம். அதைப் பொடி செய்து கலவையில் போடலாம், கடிபட உதவாது.

வாங்கும்போது ஒன்றை வாயில் போட்டுப் பாருங்கள். 'டக்'கென்று உடைய வேண்டும், காறல் இருக்கக் கூடாது. ஒரு காறல் பருப்பு மொத்தப் பையையும் கெடுக்கும். இங்கே மாசி, பங்குனியில் தொடங்கி வெயில் காலம் முழுக்கக் கொட்டை விழும். அப்போது வாங்குவது புதுசாக இருக்கும். அத்தை வீட்டுத் தோப்பில் ஒரு காலத்தில் வீட்டுக்கென்று தனியாக மூட்டை கட்டி வைப்பார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது மரங்கள் வேரோடு சாய்ந்தன. பிறகு வைத்த ஒட்டுக் கன்றுகள்தான் இப்போது காய்க்கின்றன. அந்தப் பருப்பை வீணாக்கினால் அத்தைக்குக் கோபம் வருவதில் ஆச்சரியமில்லை.

முந்திரிக்கும் பீக்கனுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. பீக்கனில் எடையில் பத்தில் ஏழு பங்கு கொழுப்பு. முந்திரியில் பாதிக்கும் குறைவு, ஆனால் மாவுச்சத்து அதிகம். அதனால் முந்திரி ஈரத்தை இழுத்துக்கொண்டு சீக்கிரம் நமர்த்துவிடும். எனவே வறுக்காமல் போடவே கூடாது. 150 டிகிரியில் 10 நிமிடம் ஓவனில், அல்லது வெறும் கடாயில் சிறு தீயில், இளம்பொன் நிறம் வரும்வரை வறுத்துத் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். பாயசத்துக்கு வறுப்பது போல நெய் விட்டு வறுக்க வேண்டாம். அந்த நெய் பின்னால் கலவைக்கு மேலே மிதக்கும்.

அதே மாவுச்சத்தால் ஒரு லாபமும் உண்டு. குருமாவில் முந்திரியை அரைத்து ஊற்றினால் கெட்டிப்படுகிறது இல்லையா, அதே வேலையை இங்கேயும் வாங்கலாம். பல செய்முறைகளில் கலவை கெட்டியாக ஒரு கரண்டி மைதா போடச் சொல்வார்கள். நான் முந்திரிப் பொடி போடுகிறேன். பச்சை மாவு வாடை இருக்காது. மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டு விழுதாகிவிடும்.

சாக்லேட்

உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். கோகோ பட்டர் என்று இருந்தால் சாக்லேட். தாவர எண்ணெய் என்று இருந்தால் அது காம்பவுண்ட். காம்பவுண்டில் செய்தாலும் பை வரும், ஆனால் நாக்கில் மெழுகு போல ஒட்டும். வெல்லம் ஏற்கெனவே இனிப்பு என்பதால் கோகோ 50 சதவீதத்துக்கு மேல் உள்ளது நல்லது. மில்க் சாக்லேட் போட்டால் திகட்டும். ஆரோவில்லில் சாக்லேட் தயாரிக்கிறார்கள், பாண்டி போகிற அன்றைக்கு ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாம். தினசரிக்கு மளிகைக் கடை டார்க் சாக்லேட்டே போதும்.

கோகோ பட்டர் 34 டிகிரி சுமாரில் உருகிவிடும். சித்திரை வெயிலில் கடைக்குள்ளேயே அது உருகி மறுபடி இறுகியிருக்கும். பிரித்தால் மேலே வெள்ளை பூத்தாற்போல் தெரியும். பூஞ்சை என்று பயப்பட வேண்டாம், கொழுப்பு மேலே வந்து படிந்ததுதான். அப்படியே தின்னச் சுமாராக இருக்கும், பையில் உருக்கிவிடுவதால் ஒன்றும் தெரியாது.

ஓடு

என் முதல் பை இங்கேதான் தோற்றது. மாவைப் பார்த்ததும் கை தானாகப் பரோட்டாவுக்குப் பிசைவது போல அடித்துப் பிசைந்துவிட்டது. வெந்து வந்தபோது ஓரமெல்லாம் உள்வாங்கி, முறம் மாதிரி வளைந்து, கத்தி இறங்காமல் நின்றது. மாவு இழுபட வேண்டும், மெத்தென்று இருக்க வேண்டும் என்று பரோட்டாவுக்கு நாம் விரும்புவது எல்லாமே இந்த ஓட்டுக்கு ஆகாது. தண்ணீரும் பிசைதலும் சேர்ந்தால் மைதாவில் ரப்பர் போல ஒரு பின்னல் உருவாகும். அதை எவ்வளவு குறைக்கிறோமோ அவ்வளவு பொரபொரப்பு.

காலை ஆறு மணிக்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள். மத்தியானம் கடலூர்ச் சமையலறையில் வெண்ணெய் ஐந்து நிமிடம்கூட நிற்காது. முந்தின நாள் இரவே மைதாவை அளந்து, பாத்திரத்தோடு ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவது என் பழக்கம். வெண்ணெயைச் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் துண்டு போட்டு 15 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். தண்ணீரில் ஐஸ் கட்டி மிதக்கட்டும்.

மைதா, சர்க்கரை, உப்பு மூன்றையும் கலந்து வெண்ணெயைப் போட்டு, விரல் நுனியால் மட்டும் பிசறுங்கள். உள்ளங்கை படக் கூடாது, அது சூடு. புட்டுக்கு மாவு பிசறுகிற கை இதற்குச் சரியாகப் பொருந்தும். முழுக்கப் பொடியாக்கிவிடாமல், அங்கங்கே பட்டாணி அளவில் வெண்ணெய் தெரியும்போதே நிறுத்துங்கள். அந்தத் துண்டுகள் ஓவனில் உருகும்போது அவற்றிலுள்ள ஈரம் ஆவியாகி மாவை அடுக்கடுக்காகத் தூக்கும். இப்போதே கரைந்துவிட்டால் அடுக்கு வராது.

அப்புறம் ஐஸ் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகத் தெளியுங்கள். ஒரு பிடி எடுத்துக் கொழுக்கட்டை போல அமுக்கினால் நிற்க வேண்டும், விட்டால் லேசாக விரிசல் விட வேண்டும். அந்தப் பதம் வந்ததும் தண்ணீர் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றே ஈரமாக இருக்கும், மைதாவும் கொஞ்சம் ஈரம் குடித்திருக்கும். அப்போது ஒரு கரண்டி குறைத்தே ஊற்றுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கி, வடை போலத் தட்டையாக்கி, உறையில் மூடி ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில்.

வெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. கடையில் சுலபமாகக் கிடைக்கும் மஞ்சள் வெண்ணெயில் உப்பு இருக்கும். அதுதான் இருக்கிறது என்றால் தனியாக உப்புப் போடாதீர்கள். வீட்டில் கடைந்த வெண்ணெயில் மோர் நிறைய இருக்கும். ஐஸ் தண்ணீரில் அலசிப் பிழிந்து பயன்படுத்துங்கள், பிசறும்போது தண்ணீரையும் குறையுங்கள். ஃப்ரிட்ஜ் மக்கர் செய்கிறது, வெண்ணெய் நிற்கவே இல்லை என்றால் இன்னொரு வழி: 90 கிராம் நெய், 180 கிராம் மைதா, 40 கிராம் பொடித்த சர்க்கரை சேர்த்துப் பிசறி, தட்டில் கையாலேயே அமுக்கிவிடுங்கள். நெய்யில் தண்ணீர் இல்லாததால் அடுக்கு வராது, நெய் பிஸ்கட் போல உதிரும். எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு இதுதான் பிடிக்கிறது.

தேய்ப்பது, வைப்பது, சுடுவது

மாவு தூவி, சப்பாத்தியைவிடக் கனமாக, மூன்று மில்லிமீட்டர் தடிமனில், 30 சென்டிமீட்டர் அகலத்துக்குத் தேயுங்கள். ஒவ்வொரு தேய்ப்புக்கும் கால் வட்டம் திருப்பினால் ஒட்டாது. நடுவில் வெண்ணெய் கசிந்து கட்டையில் ஒட்ட ஆரம்பித்தால் போராட வேண்டாம், பலகையோடு பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் தள்ளிவிடுங்கள்.

கட்டையில் சுற்றி எடுத்துத் தட்டில் விரியுங்கள். மூலைக்கு மாவு போதவில்லை என்று இழுக்காதீர்கள். இழுத்த மாவு சுடும்போது பழைய இடத்துக்கே திரும்பும். ஓரத்தைத் தூக்கித் தானாக உள்ளே விழவிட்டு அமுக்குங்கள். மிச்சத்தை வெட்டி, ஓரத்தை மடித்து, சோமாசி ஓரம் மடிப்பது போல விரலால் கிள்ளிவிடலாம். அடியில் முள்கரண்டியால் குத்தி, 20 நிமிடம் ஃப்ரீசரில் வையுங்கள். தட்டு அலுமினியமாக இருப்பது நல்லது. கண்ணாடித் தட்டை ஃப்ரீசரிலிருந்து நேரே சூட்டில் வைத்தால் விரிசல் விடும்.

இந்த நேரத்தில் ஓவனை 190 டிகிரிக்குச் சூடு செய்யுங்கள். ஓடிஜி (மேடையில் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) என்றால் 20 நிமிடம் ஆகும். மேல், கீழ் இரண்டு கம்பியும் எரியட்டும். திருகில் இருக்கும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். என்னுடையது 15 டிகிரி கூடுதலாக எரியும் என்பது தனியாக ஓர் ஓவன் வெப்பமானி வாங்கி உள்ளே வைத்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை செய்த கேக்கெல்லாம் ஏன் மேலே கருகியது என்பதும் தெரிந்தது.

மாவின் மேல் பட்டர் பேப்பரை விரித்து, விளிம்பு வரைக்கும் கொண்டைக்கடலையைக் கொட்டுங்கள். இந்தக் கனம் இல்லாவிட்டால் அடி பூரி போல உப்பும், ஓரம் சரியும். 18 நிமிடம் சுட்டு, பேப்பரோடு கடலையை எடுத்துவிட்டு, இன்னும் ஏழெட்டு நிமிடம் அடி உலர்ந்து வெளிறிய பிஸ்கட் நிறம் வரும்வரை சுடுங்கள். விரிசல் தெரிந்தால் சூடாக இருக்கும்போதே முட்டை வெள்ளைக்கருவைத் தொட்டுத் தடவினால் அடைபடும். அந்தக் கடலை இனிமேல் சரியாக வேகாது. டப்பாவில் போட்டு, சுண்டலுக்கு யாரும் ஊற வைத்துவிடாமல் மேலே எழுதி வையுங்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை ஊற வைத்துவிட்டார்கள், ஆறு விசிலுக்கும் மசியவில்லை.

கலவை

வெல்லத்தை முதலில் நாக்கில் வைத்துப் பாருங்கள், சிலவற்றில் உப்புக் கரிக்கும். நல்ல மஞ்சளாக மினுங்குவதைவிடப் பழுப்பு வெல்லமே சாக்லேட்டோடு ஒத்துப்போகும். 60 மில்லி தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சர்க்கரையும் சேர்த்து இரண்டு நிமிடம் கொதிக்க விடுங்கள். விரலில் தொட்டால் பிசுக்கென்று ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். கம்பிப் பதத்துக்குப் போனால் பை ஆறிய பிறகு கமர்கட்டாகும். இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள்.

சாக்லேட்டையும் வெண்ணெயையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக் கூடாது. வெறும் சாக்லேட்டில் இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலே மணல் மாதிரி திரிந்துவிடும் என்பதால் கரண்டியைத் துடைத்துப் பயன்படுத்துங்கள்.

வேறு பாத்திரத்தில் முட்டையை உடைத்து, நுரை வராமல் கரண்டியால் கலக்குங்கள். ஆம்லெட்டுக்கு அடிப்பது போல அடித்தால் நுரை மேலே ஏறிப் பையின் முகம் அம்மைத் தழும்பு போலாகும். பாகை நூல் போல ஊற்றிக்கொண்டே கிளறுங்கள். சூடாகக் கொட்டினால் முட்டைப் பொரியல்தான். பிறகு சாக்லேட், முந்திரிப் பொடி, உப்பு, வெனிலா, டிகாக்‌ஷன். இந்த டிகாக்‌ஷன் என் சொந்தச் சேர்க்கை. ஃபில்டரில் முதலில் இறங்குகிற கெட்டி டிகாக்‌ஷன் ஒரு கரண்டி போதும். காபி ருசி தெரியாது, முட்டை வாடை போய்விடும், சாக்லேட்டின் கசப்பு ஒரு படி தூக்கலாகத் தெரியும்.

வறுத்த முந்திரியை ஓட்டில் பரப்பி, கலவையை மேலே ஊற்றுங்கள். பருப்பு தானாக மிதந்து மேலே வந்து அடுக்காக நிற்கும். விளிம்புக்குக் கீழே கொஞ்சம் இடம் விடுங்கள், சுடும்போது உப்பும்.

வெந்ததா என்று பார்ப்பது

சூட்டை 170 டிகிரிக்குக் குறைத்து, ஓவனில் கீழ்த்தட்டில் 35 முதல் 40 நிமிடம். முப்பதாவது நிமிடத்திலிருந்து பார்க்க ஆரம்பியுங்கள். ஓரம் கருகுவது போலிருந்தால் அலுமினிய ஃபாயிலை வளையமாகச் சுற்றிவிடலாம்.

எல்லோரும் தடுமாறுவது இங்கேதான். கேக்கைப் போலக் குச்சி விட்டுப் பார்த்தால் ஒன்றும் புரியாது, எப்போதும் ஒட்டிக்கொண்டுதான் வரும். தட்டைப் பிடித்து லேசாக ஆட்டுங்கள். ஓரம் அசையாமல், நடுவில் உள்ளங்கை அளவு மட்டும் உறைந்த தயிர்ச் சட்டியைத் தட்டினால் அசைவது போல ஒன்றாக அசைந்தால் எடுத்துவிடலாம். தண்ணீர் போல அலை ஓடினால் இன்னும் ஐந்து நிமிடம். நடுவும் அசையவில்லை, மேலே விரிசல் விட்டிருக்கிறது என்றால் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. சாப்பிடலாம், மிருதுவாக இருக்காது. வெப்பமானிக் குச்சி இருந்தால் நடுவில் 90 முதல் 93 டிகிரி.

கரண்ட் போனால் கதவைத் திறக்காதீர்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் போனது என்றால் உள்ளே இருக்கும் சூட்டிலேயே பெரும்பாலும் வெந்துவிடும்.

ஆறவிடுவது

ஓவனிலிருந்து எடுத்ததும் வீடு முழுக்க வாசனை, வாசலில் பிள்ளைகள். வெட்டிவிடாதீர்கள். எங்கள் வீட்டில் ஒரு முறை அரை மணி நேரத்திலேயே வெட்டியதில் முழுசும் ஒழுகி, கடைசியில் டம்ளரில் ஊற்றிக் குடித்தோம். முட்டைக் கலவை ஆறும்போதுதான் முழுக்க இறுகும். ஃபேனுக்கு அடியில் கம்பித் தட்டில் ஒன்றரை மணி நேரம், பிறகு ஃப்ரிட்ஜில் இரண்டு மணி நேரம். முட்டை சேர்ந்தது என்பதால் நம்மூர்ச் சூட்டில் நாள் முழுக்க மேசையில் விட்டு வைப்பது நல்லதல்ல. வெளியே ஆறுகிற நேரத்தில் எறும்பு வரும். தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள்.

கத்தியை வெந்நீரில் முக்கித் துடைத்து வெட்டினால் துண்டு சுத்தமாக வரும். பரிமாறுவதற்கு 20 நிமிடம் முன்னால் வெளியே எடுத்தால் சாக்லேட் இளகி ருசி தெரியும். ஃப்ரிட்ஜில் மூடி வைத்தால் மூன்று நாள் நன்றாக இருக்கும். அதற்கு மேல் ஓடு நமர்த்துவிடும்.

முட்டை சேர்க்காத வீட்டுக்கு

முட்டைக்குப் பதில் தயிர், வாழைப்பழம் என்று எதையாவது போட்டு இதே கலவையைச் செய்ய முயல வேண்டாம், உறையாது. ஓட்டை மட்டும் முழுக்கப் பொன்னிறமாகச் சுட்டு ஆறவிடுங்கள். 200 மில்லி ஃப்ரெஷ் கிரீமை ஓரத்தில் குமிழி வரும்வரை சூடாக்கி, நறுக்கிய 200 கிராம் டார்க் சாக்லேட்டின் மேல் ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து நடுவிலிருந்து கிளறினால் பளபளவென்று சேரும். வறுத்த முந்திரியைக் கலந்து ஓட்டில் ஊற்றி மூன்று மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். இது வேறு பலகாரம், பாண்டித் தார்த்துக்கு நெருக்கமானது. ஆனால் நன்றாக இருக்கும்.

எடுத்துக்கொண்டு போக

அத்தைக்குக் கொண்டுபோன அன்று முந்தின இரவே சுட்டு, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்து, தட்டோடு ஒரு எவர்சில்வர் டப்பாவில் இறக்கினேன். தட்டு நகராமல் சுற்றிலும் துண்டைத் திணித்தேன். டப்பாவை மஞ்சப்பையில் போட்டு, பண்ருட்டி பஸ்ஸில் ஜன்னல் வெயில் படாத பக்கமாக உட்கார்ந்து மடியிலேயே வைத்துக்கொண்டேன். மேலே லக்கேஜ் கம்பியில் வைத்தால் வளைவில் சாய்ந்துவிடும், கீழே வைத்தால் இன்ஜின் சூடு. அத்தை பையைத் திறந்து, உள்ளே இருந்த பையைப் பார்த்துவிட்டு, முதலில் ஒரு முந்திரியை மட்டும் நகத்தால் நோண்டி எடுத்து வாயில் போட்டார். "நல்லா வறுத்திருக்க" என்றார். அதற்கப்புறம்தான் கத்தி கேட்டார்.